மாப்ள, அதுல கணக்கு உண்டா?

பி.காம். கடைசி வருஷம் படிக்கும் அக்கா மகன், "மாமா, அடுத்து ஃபேஷன் படிக்கப் போறேன்" என்றான். அத்தான் காதில் விழுந்துவிட்டது. "ஏம்ல, துணி தைக்கதுக்கா பட்டம்?" என்று ஒரே சத்தம்.

நாகர்கோவில்காரர் இப்படிக் கேட்கலாமோ? 1820-களிலேயே மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத்தந்தார். சரக்கு இங்கிலாந்து வரை போனது. அந்த வருமானத்தில் அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெண்கள் உண்டு. பரதநாட்டியக்காரர்கள் தேடி வாங்குவதும் நம்ம வடசேரி நகைதான்.

என் கதையைச் சொல்கிறேன். பதினைந்து வருஷம் முன்பு திருப்பூரில் ஒரு கம்பெனி என்னை மெர்ச்சன்டைசர் வேலைக்குக் கூப்பிட்டது. 'போயும் போயும் பனியன் கம்பெனியா?' என்று கௌரவம் பார்த்து வீட்டிலிருந்தேன். (கௌரவம் இன்னும் இருக்கிறது. பேங்க் பாஸ்புக்கில் இல்லை!)

மெர்ச்சன்டைசர் என்றால் மாடல் அழகிகளோடு சுற்றுபவர் இல்லை. வெளிநாட்டு ஆர்டரைப் பிடித்து, சாம்பிள் அனுப்பி, விலை கணக்கிட்டு, நூல், சாயம், தையல், பேக்கிங் என்று ஒவ்வொருவர் பின்னாலும் ஓடுபவர். தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். லாபமும் கூடவே பறந்துவிடும்.

சென்னை தரமணியில் 1995-ல் தொடங்கிய 'நிஃப்ட்' இருக்கிறது. எந்த டிகிரி முடித்தவரும் நுழைவுத்தேர்வு எழுதி, இரண்டு வருஷ ஃபேஷன் மேனேஜ்மென்ட் படிக்கலாம். ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு நாலு வருஷ டிசைன் படிப்பு. அதற்குப் படம் வரையத் தெரியணும். கட்டணம் லட்சங்களில், இதையும் மறைக்காமல் சொன்னேன்.

மூன்று நாள் அத்தான் பேசவில்லை. நாலாம் நாள் போன்.

"மாப்ள, அந்தப் படிப்புல கணக்கு உண்டா?"

"முக்காவாசி அதுதான் அத்தான்."

"பொறவு ஏன் இந்தப் பய துணின்னு சொன்னான்?"