எழுத்துப் பெட்டிக்கு அடியில் ஓர் எல்லைப் போர்

தலையைக் குனிந்து வாருங்கள், நிலைப்படி தாழ்வு. வாசலில் கல்யாணப் பத்திரிகை மாதிரியும் ஃபிளெக்ஸ் விலைப்பட்டியலும் பளபளக்கின்றனவே, அதோடு திரும்பிவிடாதீர்கள். திருத்தணி மலையடிவாரத்து இந்த அச்சகத்தின் உயிர் அழுக்குத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன்! இன்றைக்குத்தான் அச்சகப் பெரியவர் மனம் இறங்கினார். "வா தம்பி, சட்டை கறுப்பானா என்னைக் கேக்காதே!"

குப்பென்று மண்ணெண்ணெய் வாசனை. கோணி போர்த்திய டிரெடில் மெஷின். அதன்மேல் ஆடிக் கிருத்திகைக் காவடிக்கு வாங்கிய மயிலிறகுக் கட்டு, பஞ்சரான சைக்கிள் டியூப், பாதி குடித்த டீ. மின்விசிறி உண்டு, போட மாட்டார். தாள் பறக்குமாம். முதுகில் வியர்வை ஆறாக ஓடுகிறது, எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

அலமாரியிலிருந்து ஒரு கேஸை உருவினார். கட்டம் கட்டமாக ஈய எழுத்துகள். ஈயம் கனம் என்று தெரியும், இவ்வளவு கனம் என்று ஏந்திப் பார்க்கும்வரை தெரியாது. "அடியிலே பாரு" என்று ஒரு கட்டத்தைக் கவிழ்த்தார். ஐயோ, பழைய செய்தித்தாள்! எழுத்து இடுக்கில் விழாமலிருக்க அவருடைய அப்பா வெட்டி ஒட்டியது. அப்பா சென்னையில் ஒரு நாளிதழில் அச்சுக்கோப்பவராக இருந்தவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு வந்த தலைப்புகள் முழுக்க இந்தப் பெட்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடக்கின்றன.

கட்டம் கட்டமாகக் கவிழ்த்தோம். ஒன்றில் 'அபேட்சகர்'. மருந்துக் கடையில் கேட்க வேண்டிய பெயர் போலிருக்கிறது, ஆனால் தேர்தலில் நிற்கும் வேட்பாளரைத்தான் அப்படி அழைத்தார்கள். அடுத்ததில் 'அக்கிராசனர்'. கூட்டத் தலைவர்! நான் வாய்விட்டுப் படிக்கப் படிக்கப் பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். 'பிரதமர்' கிடைத்ததும் அவருக்கு ஒரு கதை நினைவுக்கு வந்தது. குடியரசாவதற்கு முன் டில்லியில் நேரு பிரதமர், சென்னை மாகாணத்துக்கு 1947 முதல் 1949 வரை ஓமந்தூரார் பிரதமர். தலைப்பில் 'பிரதமர்' என்று மட்டும் போட்டால் எந்தப் பிரதமர் என்று டீக்கடையில் பந்தயம் கட்டுவார்களாம்.

அந்த டீக்கடையைக் குறிவைத்தே எழுதியவர் சி.பா. ஆதித்தனார். 1942இல் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி பேச்சுத் தமிழைத் தலைப்பில் ஏற்றினார். "அக்கிராசனருக்கு அன்னைக்கே ஆட்டம் காண ஆரம்பிச்சிடுச்சு" என்றார் பெரியவர்.

நான் காத்திருந்த காட்சி இனிமேல்தான். 36 பாயிண்ட் கேஸ் வெளியே வந்தது. பெரியவர் இடது உள்ளங்கையில் அச்சுக்கோக்கும் ஸ்டிக்கைத் தாங்கி, வலது கையால் பொறுக்கினார். தி, ரு, த், த, ணி. வீட்டில் அவர் பேசுவது தெலுங்கு, ஒவ்வொன்றாக வைக்கும்போது எண்ணியதும் தெலுங்குதான். கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றன ஐந்து எழுத்துகள். பிறகு கடைசி மூன்றை எடுத்துவிட்டு ப், ப, தி வைத்தார். "இப்ப படி." திருப்பதி! அதே ஐந்து எழுத்து, 'திரு'வைத் தொடவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கை தவறினால் ஒரு பட்டணமே மாறிவிடும்!

எல்லைச் சண்டை நடந்ததே இந்த மூன்று எழுத்துகளில்தான். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது இரண்டு ஊர்களுமே அந்தப் பக்கம் போயின. அப்போது ரயிலில் வரும் சென்னைப் பத்திரிகை, அரக்கோணம் தாண்டியதும் வெளிமாநிலப் பத்திரிகை. இந்த ஊர்கள் தமிழர் பக்கமே இருக்க வேண்டும் என்று மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் பிரிவினைக்கு முன்பிருந்தே போராடினார்கள், ம.பொ.சி. சிறை சென்றார். அவரும் இளமையில் அச்சுக்கோத்தவர் என்று சொன்னபோது பெரியவர் குரலில் சொந்தக்காரரைப் பற்றிப் பேசும் பெருமை. பிறகு இரு மாநிலங்களுக்கும் இடையே படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி திரும்பி வந்தது, திருப்பதி அங்கேயே நின்றது. முட்டாள் தினத்தன்று வந்த செய்தி! பதினாலு வயதுப் பையனாக இருந்த பெரியவர், அப்பா சத்தியம் செய்த பிறகே நம்பினாராம்.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்ததும் இந்த ஊரில்தான். 1952இல் அவர் குடியரசுத் துணைத் தலைவரானபோது ஊர் சென்னை மாநிலத்தில் இருந்தது, மறு வருஷமே ஆந்திரா. 1962இல் குடியரசுத் தலைவரானபோது மறுபடி சென்னை மாநிலம். நகராமலே நின்ற ஊருக்கு 'நம் மாநிலத்தவர்' என்ற தலைப்பை இரண்டு பக்கமும் மாறி மாறிக் கோக்கலாமே என்றேன். பெரியவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

மெஷினை ஓட்ட ஆள் இல்லை. த், த, ணியைத் திரும்ப வைத்து, உருளையால் மையைத் தடவி, தாளை வைத்து, உள்ளங்கையாலேயே அழுத்தி எடுத்தார். கறுகறுவென்று 'திருத்தணி'. கொஞ்சம் கோணல். அதை மடிக்காமல் ஏந்திக்கொண்டு நிலைப்படியில் குனிந்தேன்.

பின்னாலிருந்து குரல். "தம்பி, அந்த 'ணி'யை வச்சுட்டுப் போப்பா. அந்த சைஸ்லே அது ஒண்ணுதான் இருக்கு."