கிருமி இல்லாதவர்களின் சாட்சியம்

பாரிஸ் நகரத்துச் சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியில் கைநடுக்கமும் நாக்குழறலும் பார்வைக் கோளாறுமாகக் கிடந்து மாண்டவர்களின் மூளையை ஆராய்ந்த ஷார்க்கோ என்னும் வைத்திய மேதை, அதில் அங்கங்கே இறுகிக் கிடந்த திட்டுகளைக் கண்டு, இது தனிப்பட்டதொரு வியாதி என்று 1868-ஆம் வருஷத்தில் விவரித்தார். இன்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று வழங்கும் அந்த நோயில், நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்னும் கொழுப்பு மிகுந்த உறையை, சரீரத்தைக் காப்பதற்கென்றே அமைந்த வெள்ளணுக்கள் அந்நியப் பொருளென்று கொண்டு அரித்துவிடுகின்றன. மூளையின் கட்டளை காலுக்கோ கைக்கோ போய்ச் சேருமுன் வழியிலேயே நலிந்துபோகிறது. உலகத்தில் சுமார் 28 லட்சம் பேரைப் பீடித்திருக்கும் இந்நோய், பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாகத் தோன்றுகிறது.

காக்கும் சக்திக்கு இப்படியொரு மதிமயக்கம் நேர்வதற்கு ஏதோ ஒரு வைரஸ்தான் தூண்டுதல் என்பது வைத்தியர்களின் நெடுநாளைய சந்தேகம். தட்டம்மைக் கிருமி முதலாக அநேகம் கிருமிகள் குற்றம் சாட்டப்பட்டு, சாட்சியம் போதாமல் விடுதலை பெற்றன. சந்தேகம் விலகாமல் நின்றது எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஒன்றின்மேல்தான்.

அது அகப்பட்ட விதமே ரசமானது. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை வைத்தியர், அந்நாட்டுக் குழந்தைகளின் தாடையில் வளரும் புற்றுக்கட்டியைப் பற்றி 1961-இல் லண்டனில் பேசியதைக் கேட்டிருந்த ஆந்தனி எப்ஸ்டீன், அதற்கு மூலம் ஒரு வைரஸாக இருக்கலாமென்று ஊகித்து, கட்டித் துண்டுகளை விமானத்தில் வரவழைத்துப் பலனின்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். 1963-இன் முடிவில், மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திரும்பிவிட்டபடியால் தாமதமாக வந்து சேர்ந்த ஒரு துண்டு, கலங்கிய திரவத்தில் கிடந்தது. வேறொருவராயிருந்தால் கெட்டுவிட்டதென்று கொட்டியிருப்பார். எப்ஸ்டீன் ஒரு துளியை எடுத்துப் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் பாக்டீரியா அல்ல, கட்டியிலிருந்து தாமே உதிர்ந்து உயிரோடு மிதந்த அணுக்கள் என்று தெரிந்தது. அவற்றை ஈவான் பார் என்னும் பெண்மணியோடு சேர்ந்து வளர்த்து, ட்ரினிடாடில் பிறந்த பெர்ட் அச்சாங் உதவியுடன் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் நோக்கியபோது, 1964-இல், புதிய வைரஸ் புலப்பட்டது. அச்சாங்கின் பெயர் மட்டும் அதற்குச் சூட்டப்படாமற் போனது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

உமிழ்நீரால் பரவி, பி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்களில் புகுந்து, ஆயுள் முழுவதும் அங்கேயே ஒடுங்கியிருக்கும் இவ்வைரஸ், வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உண்டு. சங்கடமும் அதில்தான் இருந்தது. ஊரார் எல்லோரும் ஒரே கிணற்றில் நீர் மொண்டு குடிக்கையில், ஒருவனுக்கு வந்த நோய்க்கு அந்தக் கிணற்றை எப்படிக் குற்றம் சொல்வது? அதில் குடிக்காதவனைத் தேடிப் பிடித்தால் அல்லவோ வித்தியாசம் தெரியும்? இந்த யுக்தி ஒருமுறை தற்செயலாகவே பலித்திருக்கிறது. பிலடெல்பியாவில் ஹென்லி தம்பதிகளின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் இவ்வைரஸுக்கான எதிர்ப்பொருள் சிறிதும் இல்லாதிருந்தது. 1967-இல் அவர் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தபோது அது நிறைந்திருந்தது. வாலிபர்களை வாரக்கணக்கில் வாட்டும் மோனோநியூக்ளியோசிஸ் சுரத்துக்கு இவ்வைரஸே காரணம் என்பதற்கு அதுவே துப்பு. அந்தச் சுரம் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்பதும் பின்னர் தெரியவந்தது.

ஆனால் இரு மடங்கு என்பது நிரூபணம் ஆகாது. அதை அளித்தது அமெரிக்க ராணுவத்தின் ரத்தக் களஞ்சியம். எய்ட்ஸ் கிருமியைச் சோதிப்பதற்காக வீரர்களிடம் காலந்தோறும் எடுத்துச் சேமித்த சீரத்தைக்கொண்டு, ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் இருபது வருஷ வரலாற்றை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஆஷேரியோ முதலானோர் ஆராய்ந்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் பரிசோதித்த 801 நோயாளிகளில், முதல் மாதிரியில் இவ்வைரஸ் இல்லாதிருந்தவர் 35 பேர். அவர்களில் 34 பேரை, நோய் தலைகாட்டுவதற்கு முன்னரே அது தொற்றியிருந்தது. முதலில் வைரஸ் இல்லாதிருந்து, நோயும் வராத மற்றவர்களில் அதே காலத்தில் தொற்றுக்கு ஆளானவர் பாதிக்குச் சற்று மேல்தான். வைரஸ் தொற்றியபின் அபாயம் 32 மடங்கு உயர்ந்தது. அதைப் போலவே உமிழ்நீரால் பரவும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றியவர்களுக்கோ அபாயம் சிறிதும் கூடவில்லை.

இவ்வைரஸின் தொற்று அந்நோயாக மாறும் வழிக்கும் ஒரு தடயம் உண்டு. வைரஸின் புரதத்திலும் நம் புரதத்திலும் அமினோ அமிலங்களின் வரிசை சில இடங்களில் ஒன்றுபோல் அமைந்துவிட்டால், முன்னதற்கென்று உண்டான எதிர்ப்பொருள் பின்னதையும் பற்றிக்கொள்ளும். ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் புரதம் ஒன்றுக்கும் மயலினில் உள்ள புரதம் ஒன்றுக்கும் இத்தகைய ஒற்றுமை இருப்பதை ஃபுஜினாமியும் ஓல்ட்ஸ்டோனும் 1985-இல் கண்டு, அந்தத் துணுக்கைச் செலுத்திய முயல்கள் சிலவற்றின் மூளையில் அழற்சி உண்டானதைக் காட்டினர். 2022-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள், எப்ஸ்டீன்-பார் வைரஸின் ஈபிஎன்ஏ-1 என்னும் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள், நரம்பு மண்டலத்து க்ளியால்கேம் என்னும் புரதத்தையும் பற்றுவதைக் கண்டனர். எனினும் அது எல்லா நோயாளிகளிடமும் காணப்படவில்லை. ஆகவே இந்த ஒரே வழியில்தான் கேடு நேர்கிறது என்று சொல்வது அவசரம்.

வைரஸ் உள்ள கோடானுகோடி மக்களில் மிகச் சிலரே நோயுறுவதற்கு, பிறவியில் வாய்த்த எச்எல்ஏ மரபணு வகையும், புகைப்பழக்கமும், வெயில் குறைந்த தேசத்தில் வைட்டமின் டி போதாமையும் துணைக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. தொற்றுகின்ற வயதும் முக்கியம். நம் நாட்டைப் போன்ற நாடுகளில் பெரும்பாலோரைச் சிசுப் பருவத்திலேயே இவ்வைரஸ் அடையாளமின்றித் தொற்றிவிடுகிறது. மேல்நாட்டில் பலருக்கு வாலிபத்தில்தான் தொற்றி, காய்ச்சலாக வெளிப்படுகிறது. தடுப்பூசிக்கான முயற்சிகள் இப்போது மனிதர்களிடத்தில் சோதனை நிலையில் இருக்கின்றன. தொற்றை அறவே தடுக்காமல் பத்துப் பன்னிரண்டு வருஷம் தள்ளிப்போட மட்டும் வல்ல ஒரு தடுப்பூசி, குழந்தைகளைச் சிசுப் பருவத்தில் காத்து, அபாயம் மிகுந்த வாலிபத்தில் வைரஸிடம் ஒப்படைத்துவிடக் கூடும் என்பதால், அதன் பலன் எத்தனை காலம் நிலைக்கிறது என்பதைப் பொறுத்தே அதை எவ்வயதில் போடுவதென்று தீர்மானிக்க வேண்டியிருக்கும்.