பழைய வீடும் புதிய சீமெந்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாற்சார் வீடுகள் அருகி வருகின்றன. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற நெடும்போரில் இடிந்தவை பல. ஆளின்றிப் பூட்டிக்கிடந்து கறையானுக்கு இரையானவை பல. எஞ்சி நிற்பவற்றிற்கு இன்று நேர்ந்துள்ள இடர் வேறொன்று. அஃது அன்பினால் விளைவது. கடல் கடந்து வாழும் பிள்ளைகள், பாட்டனார் கட்டிய வீட்டைத் திருத்துமாறு பணம் அனுப்புகின்றனர். மேசன் வருகின்றார், பழைய பூச்சைக் கொத்தி எறிந்து சீமெந்து பூசுகின்றார், முற்றத்திற்கு மேலே தகடு போடுகின்றார். சில மாதங்களில் வீடு பளபளக்கின்றது. ஆனால் அது பாட்டனாரின் வீடு அன்று.

பழைய சுவர் எவ்வாறு நிற்கின்றது என்பதை அறிந்தால் இத்தவறு பெரும்பாலும் நேராது. குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல் நிலம். நம் முன்னோர் அக்கல்லையே வெட்டிச் சுவர் எழுப்பினர். அதனையே சூளையில் சுட்டு நீற்றி, மணலுடன் குழைத்துச் சாந்தாக்கினர். சுண்ணச்சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல இறுகி, மீண்டும் சுண்ணக்கல்லின் தன்மையை அடைவது. அதில் நுண்ணிய துளைகள் உண்டு. மாரியில் சுவர் ஈரத்தை உறிஞ்சும். கோடையில் அவ்வீரம் பூச்சின் வழியே வெளியேறிவிடும்.

சீமெந்துப் பூச்சோ இந்த வழியை அடைத்துவிடுகின்றது. பழைய சுவர்களின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் படை இல்லை. நிலத்து நீர் உப்பையும் சுமந்துகொண்டு சுவரில் ஏறுகின்றது. வெளியேற வழியற்ற அந்நீர் மேலும் மேலும் உயர்கின்றது. பின்னர் பூச்சின் பின்னே உப்புப் படிந்து பூச்சைத் தள்ளுகின்றது. சில ஆண்டுகளில் சீமெந்து பாளம் பாளமாகக் கழன்று விழும்போது, பழங்கல்லின் மேற்பரப்பையும் பெயர்த்துக்கொண்டே விழும். வீட்டுக்காரர் சீமெந்து போதவில்லை எனக் கருதி இன்னும் தடிப்பாகப் பூசுவிக்கின்றார்! காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலை சீமெந்தாக்கியதும் இதே சுண்ணக்கல்லைத்தான். புதிய வீட்டிற்கு அது நன்று; நாம் அதனைக் குறை கூறவில்லை. பழைய சுவருக்கு மட்டும் அது பகை. ஆதலின், உதிர்ந்த இடத்தை மாத்திரம் சுண்ணச்சாந்தால் பூசி, மேலே சுண்ணாம்பு வெள்ளையடித்தல் போதும். செலவு சற்று மிகும்; பொறுமையும் வேண்டும்.

இனி, முற்றம். நான்கு பக்கமும் தாழ்வாரம் சூழ, நடுவே வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் அவ்விடமே வீட்டின் மூச்சு. சூடேறிய காற்று அதன் வழியே மேலெழ, விறாந்தை வழியே புதுக்காற்று உள்ளே வருகின்றது. நெல் காய்ந்ததும், குழந்தைகள் விளையாடியதும், கலியாணப் பந்தி விரித்ததும் அங்கேதான். மழை நீர் வருகின்றதென்றும் கள்வர் இறங்குவரென்றும் அதனைத் தகட்டினால் மூடுவோர் பலர். மூடியதும் அறைகள் இருளடைகின்றன; பகலிலும் விளக்கும் விசிறியும் தேவையாகின்றன. ஓட்டுப் பீலியைச் செப்பனிட்டு, நீர் ஓடும் வாய்க்காலைத் துப்புரவாக்கினால் மழை ஒரு தொல்லையன்று. கள்வருக்கோ ஓர் இரும்புக் கம்பி வலை போதும்.

முற்றம் நாகரிக வாழ்வுக்கு ஒவ்வாது என்பாருக்குக் கொழும்பிலேயே விடை உண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, 1960களின் தொடக்கத்தில் ஓவியத் துணிக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக அங்கு அமைத்த வீடு முற்றத்தையே நடுவாகக் கொண்டது. நெருக்கமான நகரத்துக் காணியில் பழைய முறை எத்துணை பொருந்தும் என்பதைக் காட்டியது. பிற்காலத்தில் அக்காணி கைமாறியபோது, வீட்டின் கல், ஓடு, கதவு முதலியவற்றை எண்ணிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுணுகங்கையில் மீண்டும் பூட்டினர். வேறு வழியே இல்லாதபோது செய்யத்தக்கது அது. சொந்த நிலத்தில் நிற்கும் வீட்டிற்கு அத்தனை பாடு எதற்கு?

வசதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மலசலகூடமும் குழாய் நீரும் இல்லாத வீட்டில் இக்காலத்து மருமகள் குடியிருக்க வேண்டுமென்பது நியாயமன்று. அவற்றைப் பின்புறத்தே புதிதாகக் கட்டி, ஒரு நடையால் இணைக்கலாம். சாமியறைச் சுவரை உடைத்துக் குழாய் செலுத்த வேண்டியதில்லை.

பணத்தைக் காட்டிலும் பெரிய தடை பங்குரிமை. சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து, ஒரு வீடு பலருக்கு உரித்தாகிவிடுகின்றது. ஒருவர் தம் பாதியை இடித்து மாடி எழுப்ப, மற்றப் பாதி கூரை அறுபட்டு ஒழுகி நிற்கும் காட்சி குடாநாட்டிற்குப் புதிதன்று. மேசனை அழைக்குமுன் பங்காளிகள் ஒருங்கே இருந்து பேசுதல் நன்று.

இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லிச் சுரண்டிப் பாழாக்கியதைக் கண்டு, 1877ஆம் ஆண்டில் வில்லியம் மொறிஸ் என்பார் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்க்கும் உறுப்பு பழையதுடன் இசைந்திருத்தல் வேண்டும், ஆயினும் புதியதென இனங்காணத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என விதித்தது. நம் ஊர்த் தச்சருக்கு இது கடினமன்று. உளுத்த கைமரத்திற்குப் பதிலாக வயிரம் பாய்ந்த பனைமரத்தை ஏற்றும்போது, கீழிருந்து நோக்குவோர் கண்ணிற் படாத பக்கத்தில் அவ்வாண்டைச் செதுக்கிவிடச் சொன்னால் போதும்.