சாயப்பட்டறைக் குறிப்பும் ஆராய்ச்சிக் கட்டுரையும்

திருப்பூரிலுள்ள ஒரு பனியன் நிறுவனத்துக்கு மறு ஆர்டர் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு அனுப்பிய அதே கருநீலப் பனியன். அதே நிறம், அதே எடை வேண்டும் என்கிறார் வாங்குபவர். சாயப்பட்டறை மாஸ்டர் என்ன செய்வார்? நினைவை நம்பிச் சாயத்தை அள்ளிப் போடமாட்டார்; குறிப்பேட்டைப் புரட்டுவார். துணியின் எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு சாயம், ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் நீர், லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு, எத்தனை கிராம் சோடா ஆஷ், எத்தனை பாகை வெப்பம், எத்தனை நிமிடம் என்பனவெல்லாம் அதில் இருக்கும். நூற்றுக்கு 2 பங்கு சாயம், கிலோவுக்கு 8 லிட்டர் நீர் என்று குறிப்புக் கூறினால், 100 கிலோ துணிக்கு 2 கிலோ சாயமும் 800 லிட்டர் நீரும் வேண்டும். பழைய மாஸ்டர் வேலையை விட்டுப் போயிருந்தாலும் புதியவர் அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார். குறிப்பு இல்லையேல், முன்பு வந்த நிறம் திறமையால் வந்ததா, தற்செயலாய் வந்ததா என்று சொல்லுதல் அரிது.

அறிவியல் ஆராய்ச்சிக்கும் இதே நெறிதான் உயிர். ஓர் ஆய்வாளர் ஒரு முடிவைக் கூறினால், அவர் கூறிய வழியே சென்று மற்றொருவரும் அதே முடிவை அடைய வேண்டும். அங்ஙனம் அடைய இயலாத முடிவு எத்துணை அழகாயிருப்பினும் அது செய்தியேயன்றி அறிவியல் ஆகாது.

இதற்கு நம் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. கணித மேதை இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தவர். காகிதம் விலை மிகுந்த பொருளாயிருந்தமையால் அவர் கற்பலகையில் கணக்கிட்டு, அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அக்குறிப்பேடுகளில் 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகள் உள. வழிமுறைகள் மிகச் சிலவே. அவற்றை ஒவ்வொன்றாக மெய்ப்பித்து, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகளில் முதலாவது 1985-இலும் கடைசியானது 1998-இலும் வெளிவந்தன. அழிக்கப்பட்ட கற்பலகையை மீட்டெழுதப் பிறருக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன, பாருங்கள்! இராமானுஜனுக்குக் காகிதம் இல்லை என்பது காரணம். இன்று நமக்கு அக்காரணம் இல்லை. ஆயினும் நம்மில் பலர் கற்பலகையை அழித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அஃது எவ்வாறு என்பதை நான் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், நொய்யற்கரைக் கிணறுகளின் நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைப் பற்றி ஆய்வு செய்தார். நொய்யலின் கதை உங்களுக்குத் தெரியும். சாயக்கழிவு ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கியது. வேளாண் குடிகள் வழக்காடினர். 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடா நிலையை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஆதலின் இவ்வூரில் ஓர் உப்பளவு என்பது வெறும் எண் அன்று. ஒரு பக்கம் வயலும், மற்றொரு பக்கம் பட்டறைத் தொழிலாளியின் அடுப்பும் அதனோடு கட்டுண்டு கிடக்கின்றன.

மாணவர் கட்டுரையை முடித்து, அதன் சுருக்கத்தைச் சிற்றூர் ஒன்றில் படித்துக் காட்டினார். நானும் உடனிருந்தேன். கிணற்றுக்குரிய முதியவர் ஒருவர், அட்டவணைத் தாளை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, நீங்க படிச்சது ஒரு கணக்கு, இதுல இருக்கறது வேறொரு கணக்கு. எங்க கெணத்துக்கு எதை நம்பறதுங்க?" என்று கேட்டார். மாணவர் திகைத்தார். இரவெல்லாம் தேடிய பின்னரே காரணம் விளங்கிற்று. ஒரு கிணற்றின் அளவு 2,150 என்பதற்கு மாறாக 21,500 எனப் பதிவாகியிருந்தது. அதை அவர் பின்னர் திருத்தினார், அட்டவணையும் திருந்திற்று. ஆனால் வரைபடம் பழைய எண்ணைக் கொண்டு வரைந்தது. சுருக்கத்திலிருந்த சராசரியோ பல வாரங்களுக்கு முன்பு கையால் தட்டச்சு செய்தது. கணிப்பொறியில் 'இறுதி', 'இறுதி இரண்டு', 'மெய்யான இறுதி' என்று மூன்று கோப்புகள் இருந்தன. எது எதிலிருந்து பிறந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

"சார், நான் பொய் எழுதவில்லை" என்றார், கண் கலங்க.

"நீ பொய் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெரியவருக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அந்த வினாவுக்கு விடையாக அமைந்ததே, கட்டுரையை மீண்டும் மீண்டும் பிழையின்றி உருவாக்கும் ஒழுங்குமுறை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, மூலத்தைத் தொடாதிருத்தல். கிணற்றடியில் குறித்த அளவுகள் ஒரு தனிக் கோப்புறையில் இருக்க வேண்டும். அதில் யாரும் கைவைத்தல் ஆகாது. பிழை கண்டால் மூலத்தை அழித்துத் திருத்தாமல், 'இன்ன கிணற்றின் அளவை இன்ன காரணத்தால் இவ்வாறு மாற்றுக' என்னும் கட்டளையைத் தனியே எழுத வேண்டும். அப்பொழுது பிழையும் தெரியும், திருத்தமும் தெரியும், திருத்தியதன் நியாயமும் தெரியும்.

இரண்டாவது, கையால் செய்யும் வேலையைக் கட்டளையாக எழுதுதல். சராசரி காண்பதும் வரைபடம் வரைவதும் சுட்டியால் அங்குமிங்கும் தட்டிச் செய்யும் செயல்களாயிருப்பின், அவை சுவடின்றி மறையும். அவற்றையே பைத்தான், ஆர் முதலிய மொழிகளில் சிறு நிரலாக எழுதிவிட்டால், அந்நிரலே சாயப்பட்டறைக் குறிப்பாகிவிடுகிறது.

மூன்றாவது, எது எதைச் சார்ந்தது என்று எழுதிவைத்தல். இதுவே இம்முறையின் நடுநாயகம். நம் ஊர்த் தொழிலையே பாருங்கள். நூல் நிட்டிங்கில் துணியாகிறது; துணி சாயமேறுகிறது; காம்பாக்டிங் முடிந்து கட்டிங்குக்குப் போகிறது; பின்பு தையல், செக்கிங், அயனிங், பேக்கிங். நூலின் நம்பரே மாறினால் நிட்டிங் தொடங்கி அனைத்தையும் மறுபடி செய்ய வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டு மட்டும் மாறினால் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் போதும். அதற்காக எவரும் மீண்டும் சாயம் போடமாட்டார். இந்த அறிவைக் கணிப்பொறிக்குக் கொடுத்தவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1976-இல் 'மேக்' என்னும் கருவியை இயற்றினார். நண்பர் ஒருவர், சரியாகத் திருத்திய நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கினார். திருத்திய பின் அதை மறுபடி தொகுக்காமல் பழையதையே ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. அந்த வருத்தத்திலிருந்து பிறந்ததே இக்கருவி. 2003-இல் கணிப்பொறியாளர் சங்கமான ஏ.சி.எம்., மென்பொருளுக்குரிய தன் விருதை இதற்காக அவருக்கு வழங்கிற்று.

'மேக்' விதி ஒவ்வொன்றிலும் மூன்று கூறுகள் உண்டு: ஆக்க வேண்டிய பொருள், அதற்கு வேண்டிய மூலப்பொருள்கள், ஆக்கும் கட்டளை. நம் மாணவரின் ஆய்வுக்கு இவ்விதிகளைத் தமிழில் சொல்வதானால் இவ்வாறு அமையும். திருந்திய அளவுப்பட்டி வேண்டுமாயின், மூல அளவுகளும் திருத்தும் நிரலும் வேண்டும், அந்நிரலை ஓட்டுக. வரைபடம் வேண்டுமாயின், திருந்திய பட்டியும் வரையும் நிரலும் வேண்டும், அதனை ஓட்டுக. கட்டுரை வேண்டுமாயின், வரைபடமும் அட்டவணையும் எழுத்துக் கோப்பும் வேண்டும். அச்சுக் கோப்பானை ஓட்டுக.

கட்டளையிட்டதும் 'மேக்' ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தை நோக்குகிறது. ஆக்கிய பொருளைவிட மூலப்பொருள் புதிதாயிருந்தால் அப்பொருளையும், அதைச் சார்ந்த பிறவற்றையும் புதிதாக ஆக்குகிறது, ஏனையவற்றை விட்டுவிடுகிறது. ஆகவே ஒரு கிணற்றின் அளவு திருந்தினால் வரைபடமும் அட்டவணையும் கட்டுரையும் தாமே திருந்தும். ஓர் எச்சரிக்கை: கட்டளை வரி 'டேப்' என்னும் விசையால் தொடங்க வேண்டும்; வெற்றிடம் விட்டால் ஏலாது. இது வசதிக் குறைவு என்று ஃபெல்ட்மன் விரைவிலேயே உணர்ந்தார். ஆயினும் அதற்குள் ஒரு டசன் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டமையால் அவர்களுக்கு இடையூறு வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்த ஒரு டசன் பேர்மீது கொண்ட இரக்கத்தால் இன்றுவரை உலகெங்கும் மாணவர்கள் இடர்ப்படுகிறார்கள்!

நான்காவது, கட்டுரையின் எழுத்து. டொனால்ட் நூத் என்னும் பேராசிரியர், தம் நூலின் அச்சுப்படி அழகற்றிருப்பது கண்டு மனம் வருந்தி, 1977-இல் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு முறையைத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் 'லாடெக்' என்பதை அமைத்தார். இதில் கட்டுரை, வெறும் எழுத்துக் கோப்பாக இருக்கிறது. 'இவ்விடத்தில் வரைபடக் கோப்பைச் சேர்க்க' என்று எழுதினால் அன்றைய வரைபடமே வந்து அமரும். சராசரியையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டுவதில்லை. நிரல் அதை ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்க, கட்டுரை அதனை எடுத்துக்கொள்ளும். என் மாணவர் அவ்வாறு செய்திருந்தால், முதியவரின் வினாவுக்கே இடமிருந்திராது. 1990-இல் நூத், 'டெக்' முறையில் இனிப் புதுமை எதுவும் சேராது, பிழை மட்டுமே திருத்தப்படும் என அறிவித்தார். பல்லாண்டுகளுக்குப் பின்னும் அதே கோப்பு அதே பக்கத்தைத் தர வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

ஐந்தாவது, நாட்குறிப்பும் கருவிக் குறிப்பும். 'இறுதி', 'மெய்யான இறுதி' என்று பெயர்களைப் பெருக்குவதற்கு மாறாக, ஒவ்வொரு மாற்றத்தையும் நாளும் காரணமும் இட்டுப் பதிந்துவைக்கும் 'கிட்' என்னும் கருவியை லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் இயற்றினார். அதைக் கொண்டு எந்நாளைய நிலைக்கும் திரும்பிச் செல்லலாம். அன்றியும் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். சாயம் அதே பெயருடையதாயினும் கம்பெனி மாறினால் நிறம் மாறுவதைச் சாயப்பட்டறைக்காரர் நன்கறிவர், மென்பொருளும் அத்தகையதே.

இவ்வளவும் செய்தபின் ஒரு தேர்வு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் பயிற்றிய ஜான் கிளேர்பவுட், 1990-களின் தொடக்கத்தில் தம் மாணவர்க்கு இத்தேர்வை வகுத்தார். கணக்கிட்டு வரைந்த படங்களையெல்லாம் ஒரு கட்டளையால் அழித்துவிடுக; மற்றொரு கட்டளையால் மீண்டும் உருவாக்குக. அவை முன்போலவே வந்தால் ஆய்வு மெய்யாகவே நம் கையில் உளது. வாராவிடில் நம் கையில் இருப்பது தாள் மட்டுமே. அழிக்க அஞ்சுபவன் தன் வேலையை நம்பாதவன். இத்தேர்வை நண்பர் ஒருவரின் கணிப்பொறியிலும் நடத்திப் பார்ப்பது இன்னும் சிறந்தது.

பெரியோரும் இதில் தவறியதுண்டு. 2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்னும் புகழ்பெற்ற பொருளியலறிஞர் இருவர், நாட்டின் உற்பத்தியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் அரசுக்குக் கடன் இருந்தால் வளர்ச்சி மிகக் குன்றும் என்று எழுதினர். பல நாட்டு அரசியலாரும் அதை மேற்கோள் காட்டினர். 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கை மீண்டும் செய்ய முயன்றார், வரவில்லை. ஆசிரியர்கள் அனுப்பிய கணக்குத்தாளைப் பார்த்தபோது, சராசரி காணும் வாய்பாடு ஐந்து நாடுகளை விட்டுவிட்டது தெரிந்தது. அதனோடு வேறு சில முறைகளையும் மாற்றிக் கணக்கிட்டபோது, நூற்றுக்கு 0.1 தேய்வு என்றிருந்த சராசரி 2.2 வளர்ச்சி என்றாயிற்று. கணக்குத்தாளைக் கொடுக்க அவ்வறிஞர்கள் மறுக்கவில்லை என்பதும், வாய்பாட்டுப் பிழையை ஒப்புக்கொண்டார்கள் என்பதும் அவர்களுக்குப் பெருமையே. ஒரு மாணவர் கேட்டதால் உண்மை வெளிப்பட்டது என்பது உங்களுக்குப் பெருமை.

ஒன்றை மறவாதீர்கள். மீண்டும் செய்ய முடிந்ததனாலேயே ஒரு முடிவு உண்மையாகிவிடாது. அளவுமானி பழுதாயிருந்தால், இந்த ஒழுங்குமுறை அதே தவற்றைத் தவறாமல் திருப்பித் தரும். ஆனால் தவறு எங்கே இருக்கிறது என்று தேட விளக்கேற்றி வைப்பது இம்முறைதான்.

என் மாணவர் மூன்று வாரங்கள் உழைத்து எல்லாவற்றையும் இம்முறையில் திருப்பி அமைத்தார். பின்பு மடிக்கணிப்பொறியோடு அம்முதியவர் வீட்டுத் திண்ணைக்கே சென்றோம். அவர் கண்முன் கட்டுரையை அழித்துவிட்டு, ஒரே கட்டளையால் மறுபடி உருவாக்கினார். பேச்சிலும் அட்டவணையிலும் வரைபடத்திலும் ஒரே எண். முதியவர் கணிப்பொறியைப் பார்க்கவில்லை. தம் கிணற்றுக்குரிய வரியை விரலால் தொட்டுப் பார்த்து, தாம் எழுதிவைத்திருந்த நாட்காட்டித் தாளோடு ஒப்பிட்டார். "இப்போ சரியா இருக்குதுங்க. இனி இந்தத் தண்ணியை என்ன பண்றதுன்னு பேசலாமுங்க" என்றார்.

மாணவர்களே, உங்களிடம் கணிப்பொறி இல்லாவிடினும் கவலையில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஊசலின் ஆட்டத்தை எண்ணும்போதே தொடங்குங்கள். முதலில் கண்ட அளவை அழிக்காதீர்கள். ஒரு கோடிட்டு அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். விடையை மட்டும் எழுதாமல் வந்த வழியையும் எழுதுங்கள். பின்பு குறிப்பேட்டை அடுத்த மேசைத் தோழனிடம் கொடுத்து, உங்கள் உதவியின்றி அவன் அதைச் செய்கிறானா என்று பாருங்கள். அவன் எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானோ, அங்கேதான் உங்கள் குறிப்பில் ஒரு வரி குறைகிறது. அவ்வரியை அன்றே எழுதிவிடுங்கள்.