எட்டு டாலர் பாக்கிக்கு ஏலம் போன வீடு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், ஓக்லண்ட் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). வீட்டுக்காரர் ஒருவர் பழைய சொத்துவரிப் பாக்கியைக் கட்டும்போது 8.41 டாலர் குறைந்துவிட்டது. வட்டியும் அபராதமும் கட்டணங்களும் சேர்ந்து அது 285.81 டாலரானது. கவுண்டி நிர்வாகம் வீட்டைக் கைப்பற்றி 24,500 டாலருக்கு ஏலம் விட்டு, மொத்தப் பணத்தையும் தானே வைத்துக்கொண்டது. பாக்கிக்கு மேலான பணத்தையும் வைத்துக்கொண்டது செல்லாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, மினசோட்டாவின் ஹென்னபின் கவுண்டி வழக்கு நாடு முழுவதற்கும் விடை தந்தது. 94 வயது மூதாட்டியின் அடுக்குமாடி வீட்டை 15,000 டாலர் பாக்கிக்காக எடுத்து 40,000 டாலருக்கு விற்ற கவுண்டி, மிச்சம் 25,000 டாலரைத் தரவில்லை. பாக்கிக்கு மேல் எடுப்பது ஈடு தராமல் சொத்தைப் பறிப்பதே என்று 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

ஆனால் அந்த மிச்சப் பணம் தானாக வீடு தேடி வருவதில்லை. மிச்சிகனில், வீடு கைப்பற்றப்பட்ட ஆண்டின் ஜூலை 1-க்குள் உரிமை கோரும் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். அப்போது ஏலமே நடந்திருக்காது! கலிபோர்னியாவில் விற்பனைப் பத்திரம் பதிவானதிலிருந்து ஓராண்டு அவகாசம்.

வீட்டையே மீட்கும் உரிமையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் குடியிருக்கும் வீடு என்றால், ஏலத்துக்குப் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்குள் கூடுதல் தொகை கட்டி மீட்கலாம். கலிபோர்னியாவில் ஏலத்துக்கு முந்தைய வேலை நாளோடு கதவு மூடிவிடும். ஃப்ளோரிடாவில் முதலில் விலைபோவது வீடல்ல, வரிப் பாக்கிக்கான சான்றிதழ். அதை வாங்கியவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர விண்ணப்பிக்கலாம்.

சிக்கிக்கொள்பவர்கள் எல்லாரும் கையில் காசில்லாதவர்கள் அல்லர். வீட்டுக்கடன் இருக்கும்வரை பெரும்பாலும் கடன் கொடுத்த நிறுவனமே வரியையும் கட்டிவிடும். கடன் தீர்ந்ததும் அந்தப் பொறுப்பு உரிமையாளர் தலையில் விழுவது பலருக்கு உறைப்பதில்லை. ஆர்கன்சாஸில் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது: முப்பது ஆண்டுக் கடன் முடிந்தபின் வரி நின்றுபோனது, அவரோ வேறிடத்தில் வசித்தார், அறிவிப்புத் தபால் திரும்பிவந்தது. தபால் திரும்பியது தெரிந்தும் அரசு சும்மா இருந்தது தவறு, நடைமுறையில் முடிந்த வேறு வழிகளில் தெரிவித்திருக்க வேண்டும் என்று 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி இருந்துவிடக் கூடாது. கடன் முடிந்தாலோ வீட்டை விட்டுவிட்டு ஊர் திரும்பினாலோ, அறிவிப்பு வந்துசேர வேண்டிய முகவரியைக் கவுண்டி அலுவலகத்தில் பதிவது முதல் வேலை.

'உங்கள் மிச்சப் பணத்தை மீட்டுத் தருகிறோம், ஒரு பங்கு மட்டும் கொடுங்கள்' என்று கடிதம் வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தைக் கவுண்டியிடமே கேட்டு வாங்கலாம்.