எலுமிச்சைச் சிரிப்பு, மல்லிகை மனசு

ஆரஞ்சுத் தோலை உரித்து, அதன் வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி மடித்து அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு தூறல் சீறிக் கிளம்பும். மறுநொடி அறையெங்கும் வாசனை. தோலில் இருக்கும் குட்டிக் குட்டி எண்ணெய்ப் பைகள் உடைவதால் வரும் தூறல் அது. அதில் பெரும்பங்கு லிமோனின் என்ற பொருள். மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் சட்டென்று ஆவியாகும், சட்டென்று மூக்கைத் தொடும், அதே வேகத்தில் காணாமலும் போகும்.

சிட்ரஸ் வாசனையின் குறும்பு முழுக்க இந்த அவசரத்தில்தான் இருக்கிறது. அதை அப்படியே பாட்டிலில் அடைத்தால், பூசிய சற்று நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் வாசனைக் கலைஞர்கள் பூவைத் துணைக்கு அழைத்தார்கள். பட்டம் பறக்க நூல் வேண்டும் என்பதுபோல, எலுமிச்சையும் பெர்கமாட் என்ற சிட்ரஸ் பழமும் துள்ளுவதற்கு அடியில் ஒரு பூ பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரே மரத்தில் எல்லாம்

இந்தக் கூட்டணியை இயற்கையே ஒரு மரத்தில் செய்துவைத்திருக்கிறது. அதுதான் கசப்பு ஆரஞ்சு மரம். பழத்தோலைப் பிழிந்தால் ஓர் எண்ணெய். இலையையும் இளங்கிளையையும் வடித்தால் பெட்டிட்கிரெய்ன் என்ற பச்சை வாசம். பூவை நீராவியில் வடித்தால் நெரோலி. அதே பூவைக் கரைப்பானில் ஊறவைத்துச் சாரம் எடுத்தால், தேன் கலந்ததுபோல் கனத்த வேறொரு மணம். 17-ஆம் நூற்றாண்டில் இந்தப் பூவெண்ணெயைத் தன் கையுறைகளுக்குப் பூசி நாகரிகமாக்கியவர் என்று சொல்லப்படும் இத்தாலியின் நெரோலா சீமாட்டியால்தான் நெரோலிக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

இன்று நெரோலிக்குப் பேர்போன ஊர் துனீசியாவின் நாபுல். வசந்தம் வந்ததும் மரத்தடியில் துணி விரித்து, ஏணியில் ஏறி, கையாலேயே பூப் பறிக்கிறார்கள். பறித்த பூ வாடுவதற்குள் கொப்பரைக்குப் போயாக வேண்டும். ஏறக்குறைய 1,000 கிலோ பூவிலிருந்து கிடைப்பது ஒரு கிலோ எண்ணெய். வடிக்கும்போது கூடவே கிடைக்கும் பூநீரை அந்த ஊர் வீடுகளில் இனிப்புகளிலும் காபியிலும் சேர்ப்பார்கள்.

சிட்ரஸும் பூவும் இவ்வளவு இயல்பாகச் சேர்வதற்கு ஒரு வேதியியல் காரணமும் உண்டு. லினலூல் என்ற பொருள் பெர்கமாட்டில் இருக்கிறது, நெரோலியில் இருக்கிறது, மல்லிகையிலும் இருக்கிறது. நம் அடுப்படியில் தனியாவை நசுக்கும்போது எழும் வாசத்துக்கும் முக்கியக் காரணம் அதுவே. பழத்திலிருந்து பூவுக்கு மணம் மாறும்போது நடுவில் வெட்டு தெரியாமல் போவதற்கு இந்தப் பொதுச் சொந்தம் பெரிதும் உதவுகிறது.

மழை நின்ற காலை

சிட்ரஸும் பூவும் சேர்ந்த இந்த வகை வாசனையின் மூதாதை ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தது. இத்தாலியிலிருந்து அங்கே குடிபெயர்ந்த ஜொஹான் மரியா ஃபரீனா 1708-இல் தன் சகோதரனுக்கு எழுதிய கடிதத்தில், மழை நின்ற இத்தாலிய வசந்தக் காலையையும் ஆரஞ்சுப் பூக்களையும் நினைவூட்டும் மணம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். தன்னை ஏற்றுக்கொண்ட ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். ‘ஓ டி கொலோன்’ என்றால் கொலோன் நகரத் தண்ணீர். கஸ்தூரி, புனுகு போன்ற கனத்த வாசனைகளுக்குப் பழகியிருந்த ஐரோப்பாவுக்கு அது புதுக்காற்று. நெப்போலியன் அதைத் தண்ணீராக இறைத்தவர்.

அடுத்த பெரிய திருப்பம் 1966-இல். பிரான்சின் எட்மோன் ருட்னிட்ஸ்கா, டியோர் நிறுவனத்துக்காக ‘ஓ சொவாஜ்’ செய்தார். மல்லிகை எண்ணெயை ஆராய்ந்தபோது ஃபெர்மினிக் நிறுவன வேதியியலாளர்களுக்குக் கிடைத்த ஹெடியோன் என்ற பொருளை எலுமிச்சைக்கு அடியில் வைத்தார். ஹெடியோன் தனியாக முகர்ந்தால் மெல்லிய மணம்தான். மற்றவற்றோடு சேரும்போது நடுவில் ஜன்னலைத் திறந்துவிடும். ஆண்களுக்கென்று வந்த அந்த வாசனையைப் பெண்களும் எடுத்துப் பூசிக்கொண்டார்கள். 1994-இல் வந்த ‘சிகே ஒன்’ இருபாலருக்கும் பொது என்று சொல்லியே விற்கப்பட்டது. சிட்ரஸ் மலர் வாசனை ஆண், பெண் என்று கேட்டு உறவாடுவதில்லை.

இதில் நம் ஊருக்கும் பங்குண்டு. மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் குண்டுமல்லியும், கோவை, சத்தியமங்கலம் பக்கத்து ஜாதிமல்லியும் சாரமாக்கப்பட்டு உலகின் வாசனை நிறுவனங்களுக்குப் போகின்றன. வெளிநாட்டுப் பாட்டிலைத் திறந்து மல்லிகை வாசம் வந்தால், அது நம் வயலில் விடியுமுன் பறித்த மொட்டாகவும் இருக்கலாம்.

யாருக்குப் பொருந்தும்?

கல்யாண வீட்டில் ஒருவர் இருப்பார். மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் முதலில் போய்ப் பேசுவார். குழந்தைகளின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். பந்தியில் ஒரு இலைக்குப் பாயசம் வராமல் போனதை அவர்தான் கவனிப்பார். அவரைப் பார்த்து, ‘கவலையே இல்லாத ஆள்’ என்று ஊர் சொல்லும். சிட்ரஸ் மலர் வாசனை அவருக்கானது.

அவரை விளையாட்டுப் பிள்ளை என்று லேசாக எடைபோடுகிறவர்கள், இந்த வாசனையையும் அப்படித்தான் எடைபோடுவார்கள். இரண்டுமே தப்புக் கணக்கு. ஒரு அறையின் இறுக்கத்தைத் தளர்த்த, எதிரில் இருப்பவரின் முகத்தை வாசிக்கத் தெரிய வேண்டும், தன் பாரத்தை அப்போதைக்கு ஓரமாக வைக்கத் தெரிய வேண்டும். மணத்திலும் அதே கதைதான். கனத்த மரவாசனைக்குள் சிறு பிசகு மறைந்துவிடும். எலுமிச்சை, நெரோலி, மல்லிகை மட்டுமே இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு கூடினாலும் பாத்திரம் கழுவும் சோப்பு வாசம் எட்டிப் பார்க்கும். லேசாக இருப்பதற்குக் கடும் உழைப்பு தேவை.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்வேன். வாய் திறக்கத் தயங்கும் இடத்தில் அவர்களுக்காக முதல் வணக்கத்தை இது வைத்துவிடும். தான் போன பிறகும் நாற்காலியில் தன் வாசம் தங்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் மட்டும் சந்தனம், அகில் பக்கம் போகலாம். அதுவும் அழகான சுபாவமே.

வாங்கும்போது

நம் வெயிலில் சிட்ரஸ் இன்னும் சீக்கிரம் பறக்கும். அதனால் சின்ன பாட்டிலாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மதியம் ஒருமுறை அடித்துக்கொள்வது நல்லது. துணியில் தெளித்தால் கூடுதல் நேரம் நிற்கும். பட்டும் வெள்ளைத் துணியும் கறை பிடிக்கலாம், கவனம். பூசுவதற்கென்று தயாரித்ததையே பூசுங்கள். எலுமிச்சைச் சாற்றையோ தோல் எண்ணெயையோ நேராகப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும்.

கடையில் காகிதத் துண்டை முகர்ந்ததும் பணத்தை நீட்டிவிடாதீர்கள். மணிக்கட்டில் ஒருமுறை அடித்துக்கொண்டு வெளியே வாருங்கள், கடைத்தெருவைச் சுற்றுங்கள். முதல் பதினைந்து நிமிடத்துத் துள்ளல் எல்லோரையும் மயக்கும். அது அடங்கிய பிறகு கையில் மிஞ்சுவது பூ. அந்த மிச்சமும் உங்களுக்குப் பிடித்திருந்தால் திரும்பிப் போய் வாங்குங்கள். கலகலப்பான மனிதர்களை நாம் நண்பராக ஏற்பதும் சிரிப்பு ஓய்ந்த பிறகு தெரிகிற அந்தக் குணத்துக்காகத்தான்.