பழைய பத்மினிக்குப் பட்ஜெட் போடுவது எப்படி?

பிரீமியர் பத்மினியைச் சரிபண்ண எவ்வளவு ஆகும்னு கேட்கிறவங்க பெரும்பாலும் இன்ஜினை நினைச்சுத்தான் பயப்படுறாங்க. என் கணக்கில் காசைத் தின்பது துருதான்.

1089 சி.சி. இன்ஜினைப் பிரிச்சா, எது தேய்ஞ்சிருக்குன்னு அளந்து சொல்லிடலாம். லேத் வேலை, பிஸ்டன், பேரிங் எல்லாத்துக்கும் முன்கூட்டியே விலை கேட்கலாம். துருவுக்கு அப்படிக் கேட்க முடியாது. பெயிண்டைச் சுரண்டினால்தான் ஓட்டை தெரியும். தவிர, பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாரத்தை பாடியே தாங்குகிறது. தரைத்தகடு அரிச்சுப் போனா வண்டிக்கே பலம் போச்சு.

அதனால் நான் போடும் வரிசை இது:

1. ஆயிரங்கள் கூடுதலானாலும் தகரமும் ஆர்.சி.யும் நல்லா இருக்கிற வண்டியையே வாங்கணும்.
2. முதல்ல டிங்கரிங், அப்புறம் பிரேக், அதுக்கப்புறம் இன்ஜின்.
3. பெயிண்ட், சீட் கடைசி.

ஒரு கட்டத்துக்கான பணம் முழுசா சேர்ந்த பிறகே அதைத் தொடணும். பாதி பிரிச்ச வண்டியை யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டாங்க.

50 வயசு தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா அதை தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. ஓட்டணும்னா சாதாரணப் பதிவையே புதுப்பிச்சுக்கோங்க.